சோலி இல்லாத ஒரு நாள்

எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. கல்யாணம், காதுகுத்து, எழவு, ஆஸ்பத்திரி, பேங்க், பத்திர ஆபீஸ், குலசாமி கும்பிடு. இதில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஒன்றுமில்லாமல் நல்ல சேலை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், பார்க்கிறவர்களைவிடக் கட்டியிருக்கிறவளுக்கே கூச்சமாகிவிடும். பாலவனத்தத்தில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, எழுபதைத் தாண்டிவிட்ட என் அம்மா இந்த ஒழுங்கை மீறி நான் பார்த்ததில்லை.

இதை உழைப்பின் பெருமை என்று மேடையில் பேசலாம். எனக்கு மண்ணின் கணக்காகத்தான் தெரிகிறது. கரிசல் மானாவாரியில் விதைப்புக்கு வாய்க்கும் நாட்கள் மிகக் குறைவு. புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ மழை பெய்யும். காலில் அப்புகிற மண் பதத்துக்கு வரக் காத்திருக்க வேண்டும். வந்த பதம் இறுகிப் போவதற்குள் விதை விழுந்துவிட வேண்டும். அந்த நாலைந்து நாளில் கோட்டை விட்டவனுக்கு அந்த வருஷம் போயிற்று. கிணறும் வாய்க்காலும் உள்ள ஊர்க்காரனுக்கு ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்ற சொல் உண்டு. வானம் பார்த்த பூமிக்காரனுக்கு அது கிடையாது. தலைமுறை தலைமுறையாக இப்படி இருந்தால், விதைப்பு முடிந்த பிறகும், பயிரே இல்லாத கோடையிலும்கூட, சும்மா உட்கார்ந்திருப்பவர் மனசு எதையோ தவற விட்டதுபோல் அரிக்கத்தான் செய்யும்.

அப்படிப்பட்ட அம்மாவிடம்தான் ஒரு மார்கழிக் கடைசியில் சொன்னேன்: “யம்மா, நாளைக்குக் கடக்கரைப் பக்கம் போயிப் பறவை பாத்துட்டு வருவமா?”

அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. “பாத்துட்டு?” என்றாள்.

கேலி இல்லை அதில். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பார்த்துவிட்டு என்ன செய்வது? பறவை பார்ப்பதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசியும் இருக்கிறேன். இந்த ஒற்றைச் சொல்லுக்குப் பதில் சொல்லும் வாக்கியம் எதுவும் அவற்றில் இல்லை.

அம்மாவுக்குக் கடல் புதிதல்ல. தாத்தா போனபோது ராமேஸ்வரம், அப்பா போனபோது சேதுக்கரை, பிறகு சில தை அமாவாசைகளில் தேவிபட்டினம். கடல் என்றால் முங்கி எழுந்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, ஈரச் சேலையோடு பஸ் ஏறும் இடம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வேறு சொல்லிவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அம்மா வயதுப் பெண்கள் பலருக்குக் கடலோடு இருக்கும் உறவு செத்தவர்கள் வழியாக வந்ததுதான்.

இத்தனைக்கும் கடல் ஒன்றும் அயலான் சொத்தில்லை. 1985இல் விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை அருப்புக்கோட்டையும் ராமேஸ்வரமும் ஒரே மாவட்டம். அம்மா இன்றும் ‘ராம்நாடு ஜில்லா’ என்றுதான் சொல்கிறாள். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் எங்கள் ஊர் ஜமீன்தார் என்பது பலருக்குத் தெரியும். வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் அவரே என்பது அவ்வளவாகத் தெரியாது. குடிதண்ணீருக்கே கண்மாயை நம்பிக் கிடந்த ஊரின் ஜமீன்தார் கப்பல் விட்டிருக்கிறார். அவர் ஊர்ப் பெண்கள் முங்கி எழ மட்டும் கடலுக்குப் போயிருக்கிறார்கள்.

எப்படியோ அம்மா சம்மதித்தாள். சம்மதித்த கையோடு ஒரு காரணத்தையும் தயார் செய்துகொண்டாள். மறுநாள் விடியற்காலையில் கார்க் கதவைத் திறக்கும்போது எதிர் வீட்டு மதினி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். ‘எங்கே போறீங்க’ என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பதால், முறைப்படி “தூரமா?” என்றார். “ராம்நாடு வரைக்கும் ஒரு சோலி” என்றாள் அம்மா, கொஞ்சமும் தயங்காமல். காரில் ஏறிய பிறகு என் முகத்தைப் பார்த்து, “பின்ன, குருவி பாக்கப் போறோம்னா சொல்லச் சொல்ற?” என்றாள்.

அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழி வழியாகப் போனோம். அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் ‘சும்மா’ விஷயம் மனதில் ஓடும். ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர். சும்மா இருப்பதையே உபதேசமாகச் சொன்ன ஒருவர், சும்மா இருக்கத் தெரியாத இந்தச் சீமையில், குண்டாற்றங்கரையில் பிறந்திருக்கிறார். பதினாறு வயதில் 1896இல் மதுரை வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். அவர் கதையில் என்னை அதிகம் இழுப்பது அவர் அம்மா அழகம்மாள். ஆரம்பத்தில் போய், வீட்டுக்கு வா என்று மகனிடம் மன்றாடிப் பார்த்தார், அவர் அசையவில்லை. கடைசியில் 1916இல் அம்மாவே மகனோடு இருக்க மலைக்கு வந்துவிட்டார். வந்தவர் என்ன செய்தார் என்றால், சமையலைத் தொடங்கினார். அதுவரை பிச்சையில் வந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் அடுப்பு எரிந்தது. சும்மா இருந்த மகனுக்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டே இருந்த தாய், 1922இல் மகன் அருகிலேயே காலமானார். பின்னாட்களில் ரமணரே விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையல்கட்டில் காய் நறுக்கினார். அம்மாவை அவர் சும்மா இருக்கவைத்தாரா, அம்மா அவரை வேலை செய்யவைத்தாரா என்பது தத்துவம் படித்தவர்கள் முடிவு செய்ய வேண்டியது. எனக்குப் பிடித்தது, இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் நடந்தது என்பதுதான்.

கமுதிப் பக்கம் வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஏத்தா, இந்த வருசம் கமுதிக் கண்மா இம்புட்டுப் பெருகிருக்கா?” தூரத்தில் ஒரு பரப்பு நீலமும் வெள்ளியுமாக மின்னிக்கொண்டிருந்தது. அது தண்ணீர் இல்லை, கரண்டு எடுக்கும் பலகைகள். 2016இல் 648 மெகாவாட்டோடு தொடங்கியபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகத்திலேயே பெரியது என்றார்கள். சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். “வெயில விக்கிறாங்க. நம்மகிட்ட அம்புட்டு இருந்துச்சு, ஒருத்தனும் கேக்கலியே” என்றாள்.

பெருநாழி தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேல். ஆங்காங்கே கரிமூட்டத்தின் புகை. பிறகு பனை. சாயல்குடியை நெருங்கும்போது காற்றில் உப்பு வந்துவிடும்.

பறவை பார்க்க ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தனுஷ்கோடிக்குத்தான் போகிறார்கள். பூநாரைகளுக்காகவே 524.7 ஹெக்டேரில் அங்கே ஒரு சரணாலயத்தை 2025 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. 1964 புயலில் அழிந்த ஊரைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. நான் அம்மாவை அழைத்துப் போனது வேறு பக்கம். முதலில் செல்வனூர்க் கண்மாய், 1998இல் சரணாலயமானது. அதே மாவட்டத்தில் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறின. பெயர்தான் சரணாலயம், எல்லாம் பாசனக் கண்மாய்கள். மழை பொய்த்த வருஷம் அங்கே பறவையும் கிடையாது, நெல்லும் கிடையாது. நாங்கள் போயிருந்த வருஷம் செல்வனூரில் தண்ணீர் இருந்தது. கருவேல மரங்களில் சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருந்தன, கூழைக்கடாக்கள் மிதந்தன. அம்மா கரையில் நின்று கலுங்கைப் பார்த்தாள், மடை எத்தனை என்று கேட்டாள், தூர் வாரி எத்தனை வருஷமிருக்கும் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டாள். நாரை அவள் கண்ணில் பட்டதா என்றே எனக்குச் சந்தேகம்.

பைனாகுலரைக் கொடுத்தேன். கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். திருகிக் கொடுத்தும் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டே பார்த்தாள். கண்புரை ஆபரேஷன் ஆனபோது ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு மறு கண்ணால் பார்த்துப் பழகியது இன்னும் போகவில்லை. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “குஞ்சு தாயோட வாய்க்குள்ள தலைய விட்டுத் திங்குதுடி.”

அங்கிருந்து உப்பளத்துக்குப் போனோம். வாலிநோக்கம், மாரியூர்ப் பக்கம் அரசின் உப்பு நிறுவனத்துக்கு அளங்கள் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் கரைபோல வற்றிய நேரத்தில் மைல் கணக்கில் சேறு விரியாது. அதனால் வடக்கிலிருந்து வரும் கரைப்பறவைகளுக்கு உப்பளத்தின் மழைத் தண்ணீர் பெரிய துணை. மழைக் காலத்தில் உப்பு விளையாது. பாத்திகளில் நல்ல தண்ணீர் கலந்து கிடக்கும். அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வேலையில்லாத மாதங்கள்தான் பறவைகளுக்கு வேலை மாதங்கள்.

‘வேலை’ என்று நான் சொல்வது அம்மா சொன்னதிலிருந்து எடுத்தது.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. பூநாரைகளைக் காட்டினால் அம்மா அசந்துபோவாள் என்று நினைத்திருந்தேன். தூரத்துப் பாத்தியில் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. பார்த்தாள். “இது என்ன திங்கும்?” என்றாள். கண்மாயிலிருந்தே ஒவ்வொரு பறவைக்கும் இந்தக் கேள்விதான். நான் பெயர் சொல்வேன். அவள் அதைக் காதில் வாங்காமல் என்ன திங்கும், எங்கே முட்டை போடும், வெள்ளாமையில் வாய் வைக்குமா என்று கேட்பாள். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பக்கம் கீழாக இருக்கத் தண்ணீரை இழுத்து வடிகட்டித் தின்கிறது, உப்புத் தண்ணீரில் இருக்கும் பொடிப் பாசியும் இறாலும்தான் அதற்கு அந்த நிறத்தைக் கொடுக்கின்றன என்று சொன்னதும்தான் மறுபடி பைனாகுலரை வாங்கினாள். “திங்கிறது மேல்ல தெரியும்னு சும்மாவா சொன்னாங்க.”

அவளை நிற்கவைத்தது வேறு ஒன்று. எங்கள் காலடியிலிருந்து ஒரு பாத்தி தள்ளி, சேற்று விளிம்பில், கொசு உள்ளான்கள். சிட்டுக்குருவி அளவு, எடை 25 கிராமை ஒட்டி இருக்கும். முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, கறுத்த கால், கறுத்த அலகு. பறவை பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள், ஏனென்றால் அழகாக எதுவும் இல்லை. அம்மா வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். உள்ளான் தலையைத் தூக்கவே இல்லை. மூன்று கொத்து, இரண்டு எட்டு ஓட்டம், நாலு கொத்து. பக்கத்தில் இன்னொன்று வந்தால் ஒரு கணம் இறக்கையை விரித்து விரட்டிவிட்டு, உடனே கொத்து.

“எந்தூருடி இது?”

“நார்வேயோட வடகோடியிலருந்து சைபீரியா வரைக்கும் இருக்குற பனிப் பிரதேசம்மா. முட்டை போடுறது அங்க. குளிருக்கு இங்க வந்துரும். சித்திரையில திரும்பிப் போயிரும்.”

“இம்புட்டூண்டு?”

“ம். போறதுக்கு முன்ன தின்னு தின்னு கொழுப்பு ஏத்திக்கும். சில சாதிப் பறவை தன் எடைய ரெண்டு மடங்கு ஆக்கிக்கிட்டுத்தான் கிளம்பும்.”

வெகுநேரம் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: “பறவை மாதிரி திரியுறான்னு சும்மா இருக்குறவனச் சொல்றோம். இது நம்மள விட மோசமா மாடா உழைக்குதேடி.”

பறவைகளைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருப்பதில் பெரும்பகுதி சுதந்திரம், சிறகு, வானம். கவலையற்ற உயிர் என்று பறவையைப் பாடாத கவிஞர் குறைவு. பகலெல்லாம் உட்கார்ந்து ஒரு கொசு உள்ளானைப் பார்த்தவர் அப்படி எழுத முடியாது. களை பறித்தும் பருத்தி எடுத்தும் குனிந்தே முதுகு வளைந்த ஒருத்தி, குனிந்தே இருக்கும் இன்னொரு உயிரைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டாள்.

இந்த இடத்தில் அம்மாவின் பழைய தொழிலைச் சொல்ல வேண்டும். அவள் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு பயிர்க் காவல். சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் விடியுமுன் காட்டுக்குப் போய்ப் பரணில் ஏறிவிட வேண்டும். கையில் கவண், மடியில் பொடிக்கல், தட்டுவதற்கு ஒரு ஓட்டைத் தகர டின். முக்கியமான எதிரி சூறைக்குருவி. கறுத்த தலையும் இளஞ்சிவப்பு உடம்புமாக, பெயருக்கேற்றபடி கூட்டமாக இறங்கி, அரை மணி நேரத்தில் ஒரு மூலையைக் காலி செய்துவிட்டுப் போகும். “வள்ளி தினைப்புனம் காத்தா முருகன் வந்தான். நான் காத்தேன், சூறைக்குருவிதான் வந்துச்சு” என்பாள் அம்மா. அந்தக் குருவியின் சொந்த ஊர் கசகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகள். அங்கே அதன் உணவு வெட்டுக்கிளி. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்துவதற்காகவே கல் அடுக்கி, அது கூடு கட்ட இடம் செய்துகொடுக்கிறார்கள். அங்கே சீராட்டுகிற குருவியைத்தான் இங்கே ஒரு பத்து வயதுப் பெண் டின் தட்டி விரட்டிக்கொண்டிருந்தாள். இப்போது எங்கள் காடுகளில் பெரும்பாலும் மக்காச்சோளம். கதிர் மடலுக்குள் மூடியிருப்பதால் குருவியால் அதைக் கொறிக்க முடியாது. பரண் போயிற்று, கவண் போயிற்று. அந்தி நேரத்தில் கூட்டம் கூட்டமாகச் சூறைக்குருவி வானத்தில் சுழல்வதைப் பார்க்க, செல்போனோடு இளவட்டங்கள் வண்டியில் வருகிறார்கள். நானும் போயிருக்கிறேன். நாங்கள் வாய் பிளந்து பார்க்கும் அதே சுழற்சியை, எந்த மூலையில் இறங்கும் என்று கணிப்பதற்காக அம்மா பார்த்திருக்கிறாள்.

அந்தக் கணிப்பு இன்னும் போகவில்லை என்பதை அன்று கண்டேன். உள்ளான் கூட்டம் திடீரென்று எழுந்தது. ஒரே வீச்சில் திரும்பியபோது எல்லா வயிறும் வெள்ளையாக மின்னி, அடுத்த நொடி எல்லா முதுகும் சாம்பலாகி மறைந்தது. நான் அந்த மின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதைப் பார்க்கவில்லை. நேர் எதிர்ப்பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, “அந்தா, அவன்தான்” என்றாள். வரப்பை ஒட்டித் தாழப் பறந்து வந்தது ஒரு சேற்றுப் பூனைப்பருந்து. குருவி எழுந்தால் அம்மா குருவியைப் பார்க்கமாட்டாள், எழுப்பியவனைத் தேடுவாள். அவள் வேலை செய்த வருஷங்களில் எழுப்புகிறவளே அவள்தானே.

ஒரு வரப்பு தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் அருகில் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அளத்தில் உப்பு வாருகிறவர்; மழைக்காலத்தில் ஆடு. அம்மா உடனே இடம் விட்டு உட்காரச் சொன்னாள். கூலி என்ன, காலில் வெடிப்புக்கு என்ன போடுகிறீர்கள், பிள்ளைகள் எத்தனை என்று பேச்சு போனது. வேலையில்லாத மாதங்களுக்காக அரசாங்கம் தரும் 5,000 ரூபாய் பற்றி அந்தப் பெண் சொன்னார். “அதுக்குள்ள மூணு மாசத்த ஓட்டணும்மா.” பிறகு என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் காட்டி, “நீங்க சர்வேயா?” என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள். “ஆமா, எண்ணுறா.”

அதுவும் பொய்யில்லை. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று நடக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு இடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பட்டியல் போட்டு அனுப்பலாம். அதற்கு ஒத்திகையாகவும் எனக்கு அந்த நாள் இருந்தது. கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்தின் அளவைக் கண்ணால் தூக்கித் தூக்கி வைத்து மொத்தம் போடுவது வழக்கம். நான் 160 என்றேன். அம்மா தன் முறையில் பார்த்தாள். “எங்க அப்பா காட்டுல முன்னூறு ஆட்டுக்குக் கிடை போடுவாங்க. அதுல பாதி இருக்கும்.” செல்போனில் 160 என்று பதிந்தேன்.

பதியும்போதுதான் யோசித்தேன். பறவை பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். காரியமில்லாத ஒரு நாளை அம்மாவுக்குப் பரிசாகக் கொடுக்கத்தான் அழைத்து வந்தேன். ஆனால் என் கையில் பட்டியல், நேரம், எண்ணிக்கை, இந்த மாதம் எத்தனை இனம் என்ற கணக்கு. புதிதாக ஒன்றைக் கண்டால் வரும் மகிழ்ச்சியில் பாதி அதைப் பதிவதில் இருக்கிறது. அதே கரிசல் மண் என்னையும் விடவில்லை. சும்மா இருப்பதை வேலைக்குரிய உடை மாட்டி வெளியே அழைத்துப் போகிறேன், அவ்வளவுதான். திரும்பும் வழியில் அம்மா சாயல்குடியில் கருவாடு வாங்கினாள், கருப்பட்டி வாங்கினாள். வீட்டுக்குப் போய்க் காட்ட ஏதாவது வேண்டுமே. என் பட்டியல்தான் என் கருவாடு.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். வயதான பெற்றோருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று என் தலைமுறை துடிக்கிறது. ‘ஒண்ணும் செய்யாதீங்க, உக்காருங்க’ என்பதை அன்பு என்று நம்புகிறோம். சும்மா உட்காருவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும், அது இளமையில் கொஞ்சமாவது கிடைத்திருக்க வேண்டும். இந்தியாவில் பறவை நோக்குதல் வளர்ந்த கதையில் வருகிற ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அது இருந்தது. பரணில் நின்ற பெண் பிள்ளைக்கு எங்கே இருந்தது? அவளுக்கு மகிழ்ச்சி வேலைக்குள்ளேயே ஒளிந்துதான் வந்திருக்கிறது. மடையை மதிப்பிடுவதிலும், பருந்தைக் கண்டுபிடிப்பதிலும், உப்பு வாருகிறவளிடம் கால் வெடிப்புக்கு வைத்தியம் சொல்வதிலும் அன்று அம்மா முகத்தில் இருந்த தெளிவு, நான் சோபாவில் உட்காரவைத்து டிவி போட்டுவிடும் நாட்களில் இருப்பதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பறவை பார்க்கும் ஆண்கள் இதை எழுதியதாக நினைவில்லை. காலையிலிருந்து அம்மா ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டால் தாகமில்லை என்றாள். நான் கொண்டுபோன இரண்டு பாட்டிலும் அப்படியே இருந்தன. மரம் இல்லாத உப்பளம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைவில்லை. குடித்தால் எங்கே போவது? ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். சும்மா ஊர் சுற்றுவதற்குப் பணமும் மனமும் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள், எழுபது வயதுப் பெண்ணை ஒரு நாள் கூட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம்.

மாரியூரில் பூவேந்தியநாதரை வணங்கினோம். “வந்தது வந்தோம்” என்று அம்மாதான் அழைத்துப் போனாள். கோவிலில் கால் கழுவித் தண்ணீரும் குடித்தாள். பக்கத்தில் கடல். நான் பயந்துகொண்டிருந்தது அந்த இடத்துக்குத்தான். அப்பாவை நினைத்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. படகுகளின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த பழுப்புத்தலைக் கடற்காகங்களை எண்ணிக்கொண்டே சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். “ஒங்கப்பாவுக்கு இந்தக் கருவாட்டு வாடையே ஆகாது. வந்திருந்தா காரை விட்டே இறங்கியிருக்க மாட்டாரு” என்று சொல்லிச் சிரித்தாள்.

ஊருக்கு வந்து கருவாட்டை நாலு வீட்டுக்குப் பங்கு போட்டாள். பங்கு போடும்போது கதையும் போனது. ராம்நாட்டுச் சோலி என்பது இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை. சைபீரியாக் குருவியையும், தலைகீழாகத் தின்னும் நாரையையும், வெயில் விற்கிறவர்களையும் எதிர் வீட்டு மதினி கேட்டுவிட்டு, “நான் கடலைப் பாத்தது ரெண்டே தடவ, ரெண்டும் கருமாதிக்கு” என்றாராம். அம்மா அன்றே எனக்குப் போன் போட்டாள். காரில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது என்பதை அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மாசியில் பருத்தி எடுப்பு மும்முரமாகிவிடும், அதனால் பொங்கல் கழிந்த முதல் செவ்வாய். எலுமிச்சைச் சோறும் துவையலும் அவள் பொறுப்பு. பெட்ரோலுக்கு ஆளுக்கு இருநூறு. சாவி இருக்கும் பெட்ரோல் பங்கை நான் முன்னாலேயே விசாரித்து வைக்க வேண்டும்.

நாலு பேர் சேர்ந்து பேசினால் பறவை நிற்காது என்றேன்.

“டின்னு தட்டுனதுக்கே நிக்காம போகல, பேசுனா போயிருமா?” என்றவள், எண்ணுகிற வேலையை மதினிக்கு ஒதுக்கிவிட்டதாகவும், அவர் பால் சொசைட்டியில் கணக்கு எழுதியவர் என்பதால் தப்பு வராது என்றும் சொன்னாள். பைனாகுலர் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று வாங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். விலையைச் சொன்னேன். இரவல் கிடைக்குமா பார் என்றாள்.